நாற்று நட்ட வலி

விலங்கியல் துறையில் வேலை பார்க்கும் தோழி, போன மழைக்காலத்துக்கு முன்பு ஒரு துண்டறிக்கையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். கிராம முகாமுக்காக எலிக்காய்ச்சல் பற்றி மாணவிகள் தயாரித்தது. “தமிழ் கொஞ்சம் கரடுமுரடா இருக்கு, சரி பண்ணிக் குடுப்பா” என்றாள். ஒரு பக்கம்தான். ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தேன். தடுப்பு முறைகள் என்ற தலைப்பின்கீழ் முதல் வரி இப்படி இருந்தது: குடியிருப்புப் பகுதிகளிலிருந்து பன்றிகளை அப்புறப்படுத்தவும். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் என் பேனா அதைத் தாண்டவில்லை.

அந்த வரியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 1993ஆம் வருடம் கார்த்திகை மாதம், எங்கள் தெருமுனையில், வெள்ளை வேட்டி கட்டிய ஐந்தாறு பேர் நின்று அதைச் சொன்னார்கள். எனக்கு அப்போது 13 வயது.

எங்கள் ஊர் வாடிப்பட்டிப் பக்கம். வடக்கே சிறுமலை, தெற்கே வைகை. பெரியாறு பாசனத் தண்ணீர் வந்துவிட்டால் கண்ணுக்கெட்டியவரை நெல்தான். நடவும் களையெடுப்பும் முழுக்கப் பெண்கள் வேலை. அம்மா நடவுக்குப் போவாள். எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் பன்றி வளர்த்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெட்டைப் பன்றி இருந்தது. அம்மாவுக்கென்று இருந்த ஒரே சேமிப்பு அது. குட்டி விற்ற காசில்தான் எனக்குப் பாவாடை சட்டையும் நோட்டுப் புத்தகமும் வந்தன.

ஊரில் குரங்குகளும் உண்டு. சிறுமலையிலிருந்து இறங்கி வரும் நாட்டுக் குரங்குகள். ஊர்ப்பக்கம் அனுமார் கோயிலை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. குரங்குகள் அதில் குடிக்கும், குதித்துக் குளிக்கும், அதற்குள்ளேயே மூத்திரம் பெய்யும். தொட்டி நிறைந்து வழிந்த தண்ணீர் வாய்க்காலில் சேரும். அதே வாய்க்காலில் கொஞ்சம் கீழே எங்கள் பன்றிகள் புரளும். அதற்கும் கீழே வயல். வயலில் அம்மாவும் மற்ற பெண்களும் நிற்பார்கள். மேலே தெய்வம், கீழே அசிங்கம், அதற்கும் கீழே நாங்கள் என்று தண்ணீர் ஒழுங்காக வரிசை பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் பெய்த மழையில் வைகை கரைபுரண்டது. மதுரை நகரத்துக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் பக்கம் வயல்கள் மூழ்கின. மழை விட்டதும், பயிர் அழுகிப்போன இடங்களில் மறுபடி நாற்று நட வேண்டியிருந்தது. நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு வந்த அம்மாவின் கால்விரல் இடுக்குகளெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சேற்றுப்புண். ராத்திரி மருதாணியையும் மஞ்சளையும் அரைத்து அப்பிக்கொண்டு, காலை நீட்டியபடி சுவரில் சாய்ந்து தூங்குவாள்.

அந்த வாரத்தில்தான் எங்கள் பன்றி குட்டி வீசியது. மாடு கன்று வீசுவதைப்போலத்தான், மாதம் நிறையாமல் விழுந்த ஏழு குட்டிகள். அம்மா வெறுங்கையால் அள்ளிக் கூடையில் போட்டு, வாய்க்கால் ஓரம் கொண்டுபோய்ப் புதைத்தாள். கொட்டிலைக் கழுவிவிட்டாள். அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் “ஏழு குட்டி போச்சுய்யா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து அம்மாவுக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. “கெண்டைக்கால் ரெண்டையும் ஒலக்கையால இடிக்கிறாப்புல இருக்கு” என்று அழுதாள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அம்மாச்சி காலைப் பிடித்துவிட்டபடி சொன்னாள்: “நாத்து நட்ட வலிடி. ரெண்டு நா படுத்தாச் சரியாப் போகும்.” கண் ரத்தமாகச் சிவந்தது. பிறகு மஞ்சளித்தது. பக்கத்து ஊரில் ஊசி போடுகிறவர் காமாலை என்றார். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஊரில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் அப்படிப் படுத்தார்கள். அதன் பிறகுதான் வெள்ளை வேட்டிகள் எங்கள் தெருமுனைக்கு வந்தன. பன்னிகளால்தான் ஊருக்குக் காய்ச்சல், ரெண்டு நாளில் அப்புறப்படுத்தணும் என்றார்கள். அம்மா பாயை விட்டு எழ முடியாமல் கிடந்த மத்தியானத்தில், வந்த வியாபாரி கேட்ட விலைக்கு அப்பா பன்றியைக் கொடுத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமையும் அனுமார் கோயிலில் குரங்குகளுக்கு வாழைப்பழமும் பொரிகடலையும் போட்டார்கள்.

அம்மா எழுந்துவிட்டாள். தை அறுப்பில் வலது கண் மறுபடி சிவந்தது. வெளிச்சம் பட்டால் கூசியது. எல்லாம் புகைக்குள் தெரிகிற மாதிரி இருக்கிறது என்றாள். சூடு என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளை பெற்றிருந்தாள். தினமும் காலையில் வந்து அம்மாவின் தலையை மடியில் வைத்து, கண்ணுக்குள் தாய்ப்பால் பீய்ச்சிவிட்டுப் போவாள். நந்தியாவட்டைப் பூவை ஒற்றி ஒற்றி எடுத்தோம். மதுரைக்கு பஸ் ஏறினால் கண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அறுப்புக் கூலி போய்விடும். கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். இன்னொரு கண் நன்றாகத்தானே இருக்கிறது. நான் கல்லூரிக்குப் போன பிறகு, முதல் வேலையாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ரொம்பத் தாமதம் என்றார்கள்.

துண்டறிக்கையைத் திருத்த உட்கார்ந்த அன்று, அந்த ஒரு வரியின் பிடியில் நான் எலிக்காய்ச்சல் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு மருத்துவக் கட்டுரை படிப்பது எளிதாக இல்லை. தோழி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தாள்.

நோயின் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். கிருமி, நூல்போல மெலிந்து திருகிய ஒரு பாக்டீரியா. அதன் நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். 1907இல் ஸ்டிம்சன் என்ற அமெரிக்க மருத்துவர் அதை ஒரு நோயாளியின் சிறுநீரகத் திசுவில் பார்த்தபோது கேள்விக்குறி நினைவுக்கு வந்திருக்கிறது. அதிலிருந்துதான் இன்ட்டெரோகன்ஸ் என்ற பெயர். எலி, பன்றி, மாடு, நாய் என்று எத்தனையோ விலங்குகளின் சிறுநீரகத்தில் குடியிருந்து, மூத்திரத்தோடு வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். தோலில் ஒரு வெடிப்பு, ஒரு கீறல், ஊறிப்போன கால்விரல் இடுக்கு போதும், உள்ளே நுழைந்துவிடும். திடீர்க் காய்ச்சல், சிவந்த கண், உடம்புவலி, குறிப்பாகக் கெண்டைக்கால் வலி. சிலருக்குக் காமாலை. காய்ச்சல் போய் வாரங்கள், மாதங்கள் கழிந்த பிறகு சிலருக்குக் கண்ணுக்குள் அழற்சி. யுவியைடிஸ் என்கிறார்கள்.

அப்போதுதான் எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் நடந்த கதை எனக்குத் தெரிய வந்தது. 1993 வெள்ளத்துக்குப் பிறகான மாதங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வழக்கத்துக்கு மாறாக யுவியைடிஸ் நோயாளிகள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். யுவியைடிஸ் பிரிவில் இருந்த டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவும் அதன் பின்னால் போனார்கள். குதிரைகளுக்கு இந்தக் கிருமியால் கண் அழற்சி திரும்பத் திரும்ப வந்து பார்வை போவதைக் கால்நடை மருத்துவம் முன்பே அறிந்திருந்தது. மனிதர்களிடம் இப்படி ஒரு கொத்தாகக் கண்டது புதிது. அமெரிக்க ஆய்வகங்களோடு சேர்ந்து ரத்தப் பரிசோதனைகள் செய்து, இது எலிக்காய்ச்சலின் பின்விளைவு என்று நிறுவினார்கள். 1997இல் 73 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அடுத்த வருடம் வந்த இன்னொரு கட்டுரை, கண்ணுக்குள் இருக்கும் நீரிலேயே கிருமியின் மரபணுத் தடம் இருப்பதைக் காட்டியது. இன்று உலகில் கண்ணையும் இந்தக் கிருமியையும் பற்றி யார் எழுதினாலும் மதுரையில் தொடங்காமல் எழுத முடியாது. நேரத்துக்குச் சிகிச்சை எடுத்தால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதையும் அந்தப் பணிகள்தான் சொல்லின.

அந்த 73 பேரில் அம்மா இல்லை. அவள் தாய்ப்பால் விட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

அந்த 73 பேரில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். உலகக் கணக்கும் அப்படித்தான். 2015இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் கடுமையாக வருகிறது, 58,900 பேர் சாகிறார்கள். அவர்களில் அதிகம் 20 முதல் 49 வயதுவரையான ஆண்கள். ஆண்களுக்கு நோய் முற்றிய நிலைக்குப் போவது அதிகம் என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். உலகம் முழுக்க ஈரத்தில் நிற்கும் வேலைகள் பலவற்றை ஆண்கள் செய்வதும் உண்மை. ஆனால் எங்கள் வயலில் நின்றவர்கள் எல்லோரும் பெண்கள். எனக்குப் புரிந்த வரையில் இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கெண்டைக்கால் வலி ஓர் ஆணுக்கு வந்தால் அது புதுச் செய்தி. நடவுக்குப் போகிற பெண்ணுக்கு அது தினசரி. நோய் அவள் உடம்பில் எந்த இடத்தில் வந்து கதவைத் தட்டியதோ, அதே இடத்தில் வேலை இருபது வருடமாகத் தட்டிக்கொண்டிருந்தது. அதனால் யாருக்கும் கேட்கவில்லை. அம்மாச்சிக்கும் கேட்கவில்லை, அவள் காலும் அப்படித்தான் வலித்திருக்கும்.

நோயைத் துப்பறிவது எப்படி என்று தோழியிடம் கேட்டேன். ஒரு பன்றிக்கும் ஒரு குரங்குக்கும் ஒரு மனுஷிக்கும் ஒரே கிருமி என்று எப்படிச் சொல்வது? சந்தேகப்படும் உயிரின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்தெடுத்து, உயிருள்ள கிருமிகளோடு கலந்து, இருட்டுப் பின்னணியில் ஒளிரவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம். முன்பு அந்தக் கிருமி உடம்புக்குள் வந்துபோயிருந்தால், ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் கிருமிகளைக் கட்டிக்கட்டியாக ஒட்டவைக்கும். இந்தக் கிருமியில் 250க்கும் மேல் உள்வகைகள். பொதுவாக ஒவ்வொரு வகைக்கும் பழகிய விலங்கு ஒன்று உண்டு. பன்றியோடு பழகியது பொமோனா. சுவிட்சர்லாந்தில் பன்றி மேய்ப்பவர் நோய் என்றே ஒரு காய்ச்சல் இருந்தது. அது இந்தக் கிருமியால் வருவது என்று 1940களில் க்ஸெல் என்ற மருத்துவர் காட்டினார். கரீபியனில் பார்படோஸ் தீவின் குரங்குகளைச் சோதித்து 1987இல் எழுதினார்கள். அவற்றின் ரத்தத்திலும் தடம் இருந்தது. ஆகப் பன்றிக்கும் வரும், குரங்குக்கும் வரும். கிருமி கோயில் தொட்டிக்கும் கொட்டிலுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

மதுரையிலும் இந்தத் துப்பறிதல் நடந்திருக்கிறது. சி.ஜி. பிரியா, ரத்தினம், முத்துக்கருப்பன் ஆகியோரும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை அது. காய்ச்சல் கண்ட 501 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் தடம். பிடித்த எலிகளிலும் ஏறக்குறையப் பாதி. சுற்றியிருந்த மற்ற விலங்குகளிடமும் இருந்தது. ஆனால் மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் மனிதர்களுக்குத் தொற்றுவதில் முக்கியப் பங்கு வயல் எலிகளுக்கு என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். அந்த எலிகளிடமிருந்து கண்டெடுத்த உள்வகைகளில் ஒன்றின் பெயர் ஆட்டம்னாலிஸ். ஜப்பானில் நெல் அறுவடைக் காலத்தில் வந்த இலையுதிர்காலக் காய்ச்சலிலிருந்து வந்த பெயர். நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் ஐப்பசிக் காய்ச்சல் என்று வைத்திருப்போம்.

பன்றிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அம்மா வெறுங்கையால் அள்ளிய அந்த ஏழு குட்டிகளிடமிருந்தே வந்திருக்கலாம். வயல் எலியிடமிருந்து வந்திருக்கலாம். கோயில் தொட்டியிலிருந்தும் வந்திருக்கலாம். என்னை உறுத்துவது வேறு. யாரும் எதையும் சோதிக்கும் முன்பே எங்கள் ஊரில் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. சந்தேகத்துக்கு ஒரு சாதி வரிசை இருந்தது. முதலில் பன்றி, பிறகு பன்றி வளர்ப்பவர்கள், அவர்களிலும் கொட்டில் கழுவும் பெண்கள். வயலின் சொந்தக்காரர் வரப்பில் இருந்த எலி வளை அந்த வரிசையில் இல்லை. குரங்கு இல்லவே இல்லை.

இது எங்கள் ஊரின் புத்தி மட்டும் இல்லை. 2009இல் மனிதர்களிடமிருந்து மனிதர்களுக்குப் பரவிய வைரஸ் காய்ச்சலுக்குப் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். எகிப்து அரசு நாட்டிலிருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. கெய்ரோவின் குப்பையை அள்ளி, அதைத் தின்னவைத்துப் பன்றி வளர்த்து வாழ்ந்த ஏழை மக்களின் பிழைப்பு போனது. பிறகு குப்பை தெருவில் நாறியது. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் கண்டறிந்த வைரஸ் நோயைக் குரங்குக் காய்ச்சல் என்கிறோம். அதைப் பரப்புவது உண்ணி. குரங்குகள் மனிதர்களுக்கு முன்னால் செத்து விழுந்து எச்சரித்தவை. முதலில் செத்தவரின் பெயரையே நோய்க்கு வைப்பது நமக்கு வழக்கம்.

இந்தப் படிப்பில் என்னை அதிகம் உட்காரவைத்தது வேறொரு பத்தி. பன்றிகளிடமும் மாடுகளிடமும் இந்த நோய் வந்திருப்பதைக் கால்நடை மருத்துவர்கள் கண்டுகொள்ளும் முதல் அடையாளம் கருச்சிதைவு. குட்டி வீசினால் நஷ்டம். நஷ்டம் என்பதால் எழுதிவைக்கிறார்கள், காரணம் தேடுகிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள். கர்ப்பிணிப் பெண்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தாலும் கரு கலையலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

எங்கள் சின்னம்மாவுக்கு அந்தக் கார்த்திகையில் ஐந்து மாதம். அம்மாவோடுதான் நடவில் நின்றாள். அம்மா படுத்து நாலு நாளில் அவளும் படுத்தாள். காய்ச்சல் மூன்றாம் நாள் கலைந்துவிட்டது. உச்சிப் பொழுதில் புளியமரத்தடியில் போனாள், அதுதான் என்றார்கள். அம்மாச்சி பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனதை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன். அப்பா ஏழு குட்டி போன கதையைப் பொங்கல்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னம்மாவின் பிள்ளையைப் பற்றி அன்று மாலைக்குப் பிறகு யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அடுத்த வாரம் களையெடுப்புக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கும் இதே கிருமிதானா என்று சொல்ல இன்று எந்தச் சோதனையும் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இரண்டு கருக்கள் கலைந்தன. ஒன்றுக்குத்தான் கணக்கு இருக்கிறது.

இப்போது நான் மதுரைக்குள் இருக்கிறேன். கழிவுநீர் ஓடும் கிருதுமால் நதியைத் தாண்டித்தான் பஸ் போகும். மழை பெய்த மறுநாள் விடியலில், அடைத்த சாக்கடையைச் செருப்புக் காலோடு இறங்கிக் கிளறும் தூய்மைப் பணிப் பெண்களைப் பார்க்கிறேன். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சலும் காலில் வலியும் வந்தால், வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

துண்டறிக்கையை மூன்று நாள் கழித்துத் தோழியிடம் கொடுத்தேன். பன்றிகளை அப்புறப்படுத்தச் சொன்ன வரியை எடுத்துவிட்டு, பன்றி, மாடு, எலி, நாய், குரங்கு எதன் மூத்திரம் கலந்த தண்ணீரிலும் கிருமி இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். வெள்ளம் வடிந்த தண்ணீரில் புண்ணோடு இறங்க வேண்டாம், இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் புண்ணை மூடிக் கட்டிக்கொள்ளுங்கள், ஏறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவுங்கள் என்று சேர்த்தேன். முழங்கால்வரை பூட்ஸ் அணியவும் என்ற வரியின் பக்கத்தில், வயல்காரர்தான் வாங்கித் தர வேண்டும் என்று எழுதினேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நட முடியாது என்று அம்மா சொன்னாள். அந்த வரியை இன்னும் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை. கடைசியாக மூன்று வரிகளைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், நாற்று நட்ட வலி என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக, தண்ணீரில் நின்று வேலை பார்த்தேன் என்று சொல்லுங்கள்; தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பென்சிலின் போன்ற பழைய, மலிவான மருந்தே போதும். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால், கரு கலைந்தால், காரணம் கேளுங்கள்.

தோழி படித்துவிட்டுச் சிரித்தாள். “குரங்கப் போட்டுருக்கியே, ஊருக்குள்ள அடிக்க வரப்போறாங்க.”

“எலி, பன்னின்னு எழுதினா அடிக்க மாட்டாங்கல்ல? அதுக்குத்தான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அச்சான தாளை எடுத்துப் போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். சின்னம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி வந்தபோது முறத்தின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொடர்ந்தது. அம்மா தாளை வாங்கி இடது கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, மாணவிகள் வரைந்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இது பன்னி. இது எலி. இது என்னாத்தா, கொரங்கா?”

“கொரங்குதாம்மா.”

“கொரங்கையும் போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

“அப்பச் சரி” என்றாள். தாளை நாலாக மடித்து, ரேஷன் கார்டு வைக்கும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.